தண்ணீருக்குள் பயமா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

மன்னார்குடிப் பக்கம் இருபத்திரண்டு வருஷமாக மோட்டார், பம்புசெட் வேலை பார்க்கிறேன். "அண்ணே, மோட்டார் ஓடுது, தண்ணி வரல" என்று போன் வந்தால் உடனே ஸ்பேனரை எடுக்க மாட்டேன். ஓடிக்கொண்டிருந்தது நின்றதா, முதலிலிருந்தே எடுக்கவில்லையா, சத்தம் கனமாக வருகிறதா, வெறும் ஓட்டமாக ஓடுகிறதா என்று நாலு கேள்வி கேட்பேன். பல நேரம் கோளாறு பதிலிலேயே தெரிந்துவிடும்.

என் அக்கா மகன் புதுச்சேரியில் ஸ்கூபா படகில், அதாவது முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் இறங்குபவர்களைக் கூட்டிப்போகும் படகில், வேலைக்குச் சேர்ந்தான். "ஊருக்கெல்லாம் தண்ணி எடுத்துக் குடுக்குறீங்க மாமா, ஒரு தடவ நீங்க தண்ணிக்குள்ள இறங்கிப் பாருங்களேன்" என்று ஒரு பொங்கலுக்குச் சீண்டிவிட்டுப் போனான். எனக்கு அப்போது 44 வயது, நீச்சல் தெரியாது. சம்பா அறுப்பு முடிந்து குறுவை நாற்றங்காலுக்கு மோட்டார் வேலை தொடங்கும் வரை எங்கள் தொழிலில் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். மாசி, பங்குனி. கடலும் அப்போது அடங்கிக் கிடக்கும். ஒரு வருஷம் அந்த இடைவெளியில் நீச்சலும், அடுத்த வருஷம் ஸ்கூபாவும் கற்றேன்.

"எனக்குத் தண்ணின்னா பயம்" என்பது "மோட்டார் ரிப்பேர்" என்று சொல்வது மாதிரி. அதை வைத்துக்கொண்டு எந்த நட்டையும் கழற்ற முடியாது. எந்த இடத்தில், எந்த நொடியில், உடம்பில் எங்கே என்று பிரித்தால்தான் வேலை நடக்கும். ஒரு எச்சரிக்கை: ஸ்டார்ட்டரில் லோடு கூடினால் மோட்டாரைக் காக்கத் தானாக நிறுத்தும் ஓவர்லோட் ரிலே அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று சிலர் அதைத் தூக்கிவிட்டு ஒயரை நேராகக் கட்டிவிடுவார்கள். மோட்டார் ஜோராக ஓடும், உள்ளே கம்பிச் சுருள் கருகும் வரைக்கும். கீழே வரும் பயங்களில் சில அந்த ரிலே. எவை என்று அங்கங்கே சொல்கிறேன்.

இடத்துக்குப் போகும் முன்பே வயிற்றைக் கலக்குகிறது

என் ஜாதகத்தில் நீர்க்கண்டம் என்று எழுதியிருந்தது. மேட்டூர் ஜூன் 12 திறந்து, கல்லணை தாண்டி, பாமணி ஆற்றுக்குத் தண்ணீர் வந்து சேரும் நாளில் பையன்கள் மதகு மேலிருந்து குதிப்பார்கள். நான் கரையில் நின்று அத்தனை பேர் சட்டையையும் காவல் காப்பேன். ஆறு வருஷம் சட்டைக் காவல். ஹரித்ராநதித் தெப்பத்தில்கூட முழங்கால் தாண்டியதில்லை.

இந்தப் பயத்தை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். நம் ஆறுகளில் சுழல் உண்டு. மணல் எடுத்த பள்ளம் எங்கே இருக்கிறது என்று மேலே நின்று பார்த்தால் தெரியாது. கொள்ளிடத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்து போனவன் அடுத்த அடியில் ஆளுயரத்துக்கு முங்குவான். ஆற்றைப் பற்றி அம்மா சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் ஸ்கூபா ஆற்றில் நடப்பதில்லை. ஓட்டம் இல்லாத குளத்தில் இடுப்பளவில் ஆரம்பித்து, பக்கத்தில் ஒருவர் நிற்க, காற்றைக் கூடவே எடுத்துக்கொண்டு இறங்குவது. எனவே இரண்டு வேலை. நீச்சல் கற்க ஆற்றுக்குப் போகாதீர்கள். தஞ்சாவூரில் ஒரு நீச்சல் குளத்தில் எட்டு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று இரண்டு மாதம் கற்றேன். கூச்சம் நாலு நாள்தான். அடிப்படைப் படிப்புக்கு நிற்காமல் 200 மீட்டர் நீந்தவும், பத்து நிமிஷம் பிடிமானம் இல்லாமல் மிதக்கவும் தெரிந்தால் போதும். வேகம் யாரும் கேட்பதில்லை.

இரண்டாவது வேலை, மருத்துவக் கேள்வித்தாள். ஆஸ்துமா, இதயம், காதில் ஓட்டை, வலிப்பு, சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை எல்லாம் அதில் கேட்பார்கள். "இல்லை, இல்லை" என்று வரிசையாக டிக் அடித்துவிட்டுப் போவது ரிலேயைக் கழற்றும் வேலை. எனக்கு அழுத்த மாத்திரை உண்டு. டாக்டரிடம் காட்டி, எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் போனேன்.

முகம் தண்ணீரில் பட்டதும் மூச்சு நின்றுபோகிறது

இது கோழைத்தனம் இல்லை. முகத்தில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் மூச்சு நிற்பதும் நாடி தணிவதும் எல்லா மனிதருக்கும் பிறவியிலேயே உள்ள பழக்கம். வாயில் கவ்விய ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அளவில் தரும் கருவி) காற்றைக் கொடுத்துக்கொண்டிருந்தாலும், மூக்கில் தண்ணீர் பட்டதும் தொண்டை அடைத்துக்கொள்ளும். இதை வீட்டிலேயே சரிசெய்யலாம்.

சாதம் வடிக்கும் பெரிய அண்டாவில் தண்ணீர். மூக்கும் வாயும் முங்க முகத்தை வைத்து, மூக்கால் மெதுவாகக் குமிழி விடுங்கள். எடுத்து மூச்சிழுங்கள், மறுபடி வையுங்கள். மூன்று நாள் இது மட்டும். பிறகு மேலிருந்து காற்றிழுக்கும் ஒரு ஸ்நார்க்கல் குழாயை வாயில் கவ்வி, கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க் போடாமல், மூக்கு தண்ணீரில் இருக்க, வாயால் மட்டும் மூச்சு. முதல் தடவை இரண்டு நொடி தாங்கினேன். பத்தாம் நாள் ஐந்து நிமிஷம். வீட்டுக்காரி சமையலறை வாசலில் நின்று, "கடலுக்குப் போறதுக்குள்ள அண்டாவ ஓட்ட போட்ராதீங்க" என்றாள்.

அடுத்து பம்புசெட் தொட்டி. மார்பளவு தண்ணீர், தெளிவாக இருக்கும், கைக்கெட்டும் தூரத்தில் விளிம்பு. நம் பக்கத்தில் இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஆனால் தனியாக இறங்காதீர்கள். மூச்சை அடக்கி யார் அதிக நேரம் முங்குவது என்ற போட்டி வேண்டவே வேண்டாம். மூச்சுமுட்டும் உணர்வு வரும் முன்பே மயங்கி, சத்தமில்லாமல் அடியில் போய்க் கிடப்பவர்கள் உண்டு. இரவல் சிலிண்டரைக் கொண்டுவந்து தொட்டியிலோ கிணற்றிலோ பழகுவதும் கூடாது. ஒன்றரை மீட்டர் ஆழத்தில் சிலிண்டர் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, அடக்கியபடி எழுந்தாலே நுரையீரல் கிழியலாம்.

சிலிண்டர் நிறைய இருக்கிறது, ஆனால் காற்று போதவில்லை

பெரிய கோளாறு இதுதான். மற்றதில் பாதி இதிலிருந்து கிளைத்தது.

முதலில் கருவியைப் பாருங்கள். படகிலேயே, ரெகுலேட்டரை வாயில் வைத்து, சிலிண்டர் அழுத்தம் காட்டும் கேஜைக் கண்ணால் பார்த்தபடி நாலு மூச்சு இழுங்கள். முள் அசையாமல் 200 பார் அழுத்தத்தில் நிற்க வேண்டும். இழுக்கும்போது முள் கீழே விழுந்து, விட்டதும் ஏறினால் சிலிண்டர் வால்வு முழுக்கத் திறக்கவில்லை. மேலே சரியாக இருப்பது போலத் தெரியும், ஆழத்தில் காற்று திணறும். கேட் வால்வைக் கால்வாசி திறந்து வைத்துவிட்டு "தண்ணி கம்மியா வருது" என்பவர்களை நான் வாரத்துக்கு ஒருவர் பார்க்கிறேன். அடுத்து, காற்றை முகர்ந்து பாருங்கள். அதற்கு வாசனையே இருக்கக் கூடாது. எண்ணெயோ புகையோ அடித்தால் அந்தச் சிலிண்டர் வேண்டாம். கம்ப்ரசர் காற்றிழுக்கும் வாய், இன்ஜின் புகைக்குப் பக்கத்தில் இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே போகும். அதற்குத் தனியாக வாசனையும் கிடையாது. இந்த இடத்தில் பயம் வந்தால் அது ரிலே. நம்புங்கள்.

கருவி சரி, இன்னும் மூச்சு முட்டுகிறது என்றால் கோளாறு நெஞ்சில். என் முதல் குளத்து வகுப்பில், இரண்டு மீட்டர் ஆழத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இழுக்கிறேன், இழுக்கிறேன், காற்று வரவில்லை. நெஞ்சு கல்லாக இறுகுகிறது. எழுந்துவிட்டேன். கற்றுக்கொடுத்த பெண்ணுக்கு என் வயதில் பாதி இருக்கும். "காத்து வரலம்மா" என்றேன். கேஜைக் காட்டினாள்: 170. "அண்ணா, நீங்க இழுக்குறீங்க, விடவே இல்ல. உள்ள எடம் இருந்தாத்தானே வரும்?"

இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் கொல்லையில் நான் சொல்லும் வசனம். பம்புக்குள் காற்று அடைத்துக்கொண்டால் மோட்டார் எவ்வளவு சுற்றினாலும் தண்ணீர் எடுக்காது. காற்றை வெளியேற்றி, தண்ணீர் ஊற்றினால்தான் எடுக்கும். என் உடம்பில் அது தலைகீழாக நடந்திருக்கிறது. பயத்தில் குட்டிக் குட்டியாக மேல்மூச்சு வாங்குகிறோம். பழைய காற்று உள்ளேயே தங்குகிறது. மூச்சு வேண்டும் என்று மூளையை விரட்டுவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு அல்ல, கார்பன் டை ஆக்சைடு சேர்வது. அது சேரச் சேர, "காற்று இல்லை, காற்று இல்லை" என்று உடம்பு அலறும். நாம் இன்னும் வேகமாக இழுப்போம்.

இழுப்பதை மறந்துவிடுங்கள். விடுவதை மட்டும் பாருங்கள். குமிழிச் சத்தத்தைக் கேட்டபடி, மனசுக்குள் ஆறு எண்ணும் வரை விடுங்கள். முழுக்க விட்டால் இழுப்பு தானாக நடக்கும். நான் எண்ணவில்லை; "ராஜகோபாலா" என்று இழுத்துச் சொல்லிக்கொண்டே விட்டேன். உங்கள் ஊர்ச் சாமி பெயர் எதுவானாலும் நீளமாக இருந்தால் சரி. இரண்டு மூச்சுக்கு நடுவே அடக்கிச் சிக்கனம் பிடிக்கக் கூடாது. அது கார்பன் டை ஆக்சைடை இன்னும் கூட்டும், மேலேறும்போது ஆபத்தும்கூட.

கணக்குத் தெரிந்தால் தைரியம் வருகிற ஆள் என்றால் இது உங்களுக்கு. 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் ஏறத்தாழ 2,200 லிட்டர் காற்று. நிதானமாக மூச்சு விடுபவருக்குத் தண்ணீர் மட்டத்தில் நிமிஷத்துக்கு 20 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு, எனவே செலவும் இரண்டு மடங்கு, 40 லிட்டர். 50 பாரைத் தொடாமல் மிச்சம் வைத்தாலும் நாற்பது நிமிஷம் இருக்கிறது. என் முதல் சிலிண்டர் இருபத்திரண்டு நிமிஷத்தில் தீர்ந்தது என்பது வேறு விஷயம்.

மாஸ்குக்குள் தண்ணீர் வந்தால் உலகமே முடிந்த மாதிரி இருக்கிறது

பயிற்சியில் மாஸ்கை வேண்டுமென்றே நிரப்பிக் காலிசெய்யச் சொல்வார்கள். பெரியவர்கள் அதிகம் பேர் படிப்பை விட்டுப் போவது இந்த இடத்தில்தான் என்று என் மருமகன் சொல்கிறான். அண்டா வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் இங்கே பாதி தூரம் கடந்துவிட்டீர்கள்.

மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்துங்கள், முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்குங்கள், மூக்கால் நீளமாக ஊதுங்கள். காற்று மேலே ஏறித் தண்ணீரைக் கீழ் விளிம்பு வழியாகத் தள்ளும். அவ்வளவுதான் இயந்திரம். நான் செய்த தப்பு, ஊதும் முன் பதற்றத்தில் மூக்கால் ஒரு இழுப்பு இழுத்தது. உப்புத் தண்ணீர் உச்சந்தலைவரை எரிந்தது. ரெகுலேட்டருக்குள்ளேயே இருமினேன். இருமலாம், வாந்தியே எடுக்கலாம், அது வழியாகவே வெளியே போகும், வாயிலிருந்து எடுக்காதீர்கள் என்று கற்றுக்கொடுத்த பெண் சொல்லியிருந்தது அப்போது நினைவுக்கு வந்தது. ஏழாவது தடவை சரியாக வந்தது.

தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் பயத்தைத் திட்டாமல் வாஷரை, அதாவது மாஸ்கின் விளிம்பைப் பாருங்கள். மீசை, அல்லது தலைமுடி விளிம்புக்கு அடியில் மாட்டியிருக்கும். நான் மீசையை எடுத்துவிட்டேன். ஊரில் யார் காரியம் என்று விசாரித்தார்கள்.

காது குத்துகிறது

அழுத்த மாற்றம் காதில் அதிகம் உறைப்பது முதல் சில மீட்டரில்தான். மேலிருந்து 10 மீட்டர் போவதற்குள் காதுக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கிவிடும். வலித்த பிறகு சரிசெய்வது தாமதம். தலை முங்கியதுமே மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதுங்கள், அரை மீட்டருக்கு ஒரு தரம். எச்சில் விழுங்கினாலும் சிலருக்குத் திறக்கும். கால் கீழாக இறங்குங்கள். திறக்கவில்லை என்றால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி. முக்கி ஊதாதீர்கள். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு இறங்காதீர்கள். இது முழுக்க முழுக்க ரிலே.

கீழே தரை தெரியவில்லை, பச்சையாக ஒன்றுமே இல்லை

நம் கடல் அந்தமான் கிடையாது. ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டும் கரை. காவிரி கடலில் சேரும் பூம்புகாருக்கு வெளியே 1990-களில் கோவா தேசிய கடலியல் ஆய்வு நிறுவனத்துக்காரர்கள் மூழ்கி ஆய்வு நடத்தினார்கள். சுமார் 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாடம் போன்ற ஓர் அமைப்பைப் பார்த்ததாகப் பதிவு செய்தார்கள். அப்படிப்பட்ட கலங்கலில் ஒருவர் அளவு நாடா பிடித்து வேலை செய்திருக்கிறார் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும், அது உதவும்.

புதுச்சேரிக்கு வெளியே நான் இறங்கிய நாளில் நாலைந்து மீட்டர்தான் தெரிந்தது. கயிற்றைப் பிடித்து இறங்கினேன். மேலே தெரிகிற படகும் மறைந்து, கீழே மணலும் தெரியாத ஒரு இடைவெளி வரும். அங்கேதான் தலை சுற்றும், எது மேல் எது கீழ் என்பதே குழம்பும். கண்ணுக்குப் பிடிமானம் கொடுங்கள்: கயிறு, உங்கள் கேஜ், கூட வருபவர் முகம். உங்கள் குமிழி போகும் திசைதான் மேல். கேட்கிற சத்தத்தை நம்பாதீர்கள். தண்ணீரில் ஒலி நாலு மடங்குக்கு மேல் வேகமாகப் போவதால் படகு எந்தப் பக்கம் என்று காதுக்குத் தெரியாது. எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும். நான் பார்த்து விலகிய "பெரிய" மீன் அவ்வளவு பெரியதில்லை.

கல்லாய் அமுங்குகிறேன், அல்லது தக்கையாய் மிதக்கிறேன்

அமுங்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் ஈயக் கட்டியின் கணக்கு தப்பு. காற்றேற்றி மிதக்க உதவும் ஜாக்கெட்டில் காற்றில்லாமல், சாதாரண மூச்சோடு நின்றால் தண்ணீர் கண்மட்டத்தில் நிற்க வேண்டும். மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு மேலே பாய வேண்டும் போல் இருக்கிறது

இதை மட்டும் கரையில் இருக்கும்போதே மனப்பாடம் செய்யுங்கள், அந்த நேரத்தில் யோசிக்க முடியாது. அசையாதீர்கள். எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள், கயிறோ, பயிற்சியாளர் கையோ. மூன்று முழு மூச்சு விடுங்கள். பிறகு முடிவு செய்யுங்கள். மேலே போக வேண்டும் என்றே முடிவானாலும் மெதுவாக, நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேண்டாம், மூச்சை ஒரு கணமும் அடக்காமல். 10 மீட்டரில் நெஞ்சு நிறைய இருக்கும் காற்று மேலே வருவதற்குள் இரு மடங்காகும். வெளியே விடாவிட்டால் அது தனக்கு வழி தேடிக்கொள்ளும்.

சைகை பழகுங்கள். கட்டை விரலை உயர்த்தினால் "மேலே போகலாம்" என்று அர்த்தம். என் முதல் கடல் இறக்கத்தில், ஒன்பது மீட்டரில், எல்லாம் அருமையாக இருக்கிறது என்று கற்றுக்கொடுத்த பெண்ணுக்குக் கட்டை விரலைக் காட்டினேன். உடனே என் தோள்பட்டையைப் பிடித்து, பொறுப்பாக, மெதுவாக, மேலே கொண்டுவந்து சேர்த்தாள். "என்னாச்சுண்ணா?" "சூப்பர்னு சொன்னேன்மா." படகோட்டி சிரித்து முடிக்கப் பத்து நிமிஷம் ஆனது. நன்றாக இருக்கிறது என்பதற்கு ஆள்காட்டி விரலும் கட்டை விரலும் சேர்ந்த வட்டம். ஏதோ சரியில்லை என்பதற்கு விரித்த கையை இப்படியும் அப்படியும் ஆட்டி, எங்கே என்று தொட்டுக் காட்டுவது.

கடலைப் பார்த்தாலே அந்த நாள் வருகிறது

என்னோடு சேர்ந்து பெயர் கொடுத்த நண்பர் நாகப்பட்டினம் கடலோரத்துக்காரர். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு அவர் கடலில் கால் வைத்ததில்லை. குளத்தில் என்னைவிட நன்றாகச் செய்தார். மாஸ்க் வேலை முதல் தடவையே வந்தது. படகில் ஏறியதும் வியர்த்து, கை நடுங்கி, ஒன்றும் பேசவில்லை. அண்டாவும் ஆறு எண்ணுவதும் இதைத் தொடாது. கூட வந்தவர்கள் உற்சாகப்படுத்தினார்கள். அது தப்பு என்று இப்போது தோன்றுகிறது. மனநல மருத்துவரிடம் பேச வேண்டியதை ஸ்கூபா பயிற்சியாளரிடம் தள்ளக் கூடாது. அவர் இப்போது குளத்தில் மட்டும் நீந்துகிறார். வாரம் மூன்று நாள்.

மேலே வந்த பிறகு மூட்டு வலி, மரத்துப்போதல், தலைசுற்றல்

இதைப் பயம், களைப்பு என்று சொல்லிப் படுக்காதீர்கள். ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாவதாக இருக்கலாம். உடனே சொல்லுங்கள், ஆக்சிஜன் கொடுத்து டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். இது வராமலிருக்கத்தான் மேலேறும்போது 5 மீட்டரில் மூன்று நிமிஷம் நிற்கச் சொல்வது. உயரம் போனாலும் இதே குமிழி வரலாம், அதனால் விமானம் ஏறப் பதினெட்டு மணி நேரமாவது விடுங்கள். புதுச்சேரியிலிருந்து மன்னார்குடி முழுக்கச் சமதரை, கவலையில்லை. அப்படியே குடும்பத்தோடு கொடைக்கானல் என்று திட்டம் போட்டிருந்தால் மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறது, இருந்தாலும் இன்று வேண்டாம் என்று தோன்றுகிறது

காரணம் தேட வேண்டாம். எந்த இறக்கத்தையும், யாரும், எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் நிறுத்தலாம் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் ஏற்ற வழக்கம். காரணம் கேட்டு வற்புறுத்துகிற ஆளிடம் கற்காதீர்கள். என் மூன்றாவது இறக்கத்தன்று காலை கருவியெல்லாம் மாட்டி, படகு விளிம்பில் உட்கார்ந்து, பின்பக்கமாகச் சாய வேண்டியதுதான் பாக்கி. ஏனோ மனசு ஒப்பவில்லை. தலையை ஆட்டினேன். கற்றுக்கொடுத்த பெண் ஒன்றும் கேட்காமல் என் சிலிண்டரைக் கழற்றி வைத்துவிட்டு மற்றவர்களோடு இறங்கினாள். நான் படகோட்டியோடு உட்கார்ந்து அவர் கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டேன். படகு இன்ஜின் ஓட்டத்தில் ஒரு தட்டல் இருந்தது. இன்ஜெக்டராக இருக்கும் என்றேன். அடுத்த நாள் நான் இறங்கும்போது தட்டல் இல்லை, மாற்றியிருந்தார்.